உயிரோடிருந்த மகளுக்கு ஒரு மண்டையோடு

கிரிசல் ஹாப்டேயின் மார்பில் பால் வற்றியதே இல்லை என்று மார்ல்கோட்டில் சொல்வார்கள். பொய். எந்தப் பெண்ணுக்கும் வற்றும். பிள்ளை குடிக்கக் குடிக்க ஊறும், நிறுத்தினால் நின்றுபோகும். கிரிசலுக்கு ஊறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், பெரிய வீட்டிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்ததுதான்.

பெரிய வீடு என்றால் குன்றின்மேல் இருக்கும் ஏவரெல் பிரபுவின் வீடு. சீமாட்டி லெட்டிஸ் பெற்றாள், கிரிசல் பால் கொடுத்தாள். அந்த அந்தஸ்தில் இருப்பவர்கள் தம் பிள்ளைக்குத் தாமே பால் கொடுப்பதில்லை. ஞானஸ்நானம் முடிந்த கையோடு துணியில் இறுகச் சுற்றி, குதிரைமேல் ஒரு வேலைக்காரியின் மடியில் வைத்துக் கீழே அனுப்பிவிடுவார்கள். பல் முளைத்து, நடை பழகி, கோழியை விரட்டக் கற்றுக்கொண்ட பிறகு பிள்ளை மேலே போகும். போகும்போது கிரிசலின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கத்தும். வேலைக்காரி விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பாள்.

கிரிசலின் புருஷன் கல்குழியில் வேலை பார்த்தான். எங்கள் பக்கத்து வெள்ளைக் கல் மிருதுவானது, நகத்தால் கீறினாலே கோடு விழும். கல்லறைச் சிற்பத்துக்குப் பெயர்போனது. அவன் நல்லவன், இருமிக்கொண்டே செத்துப்போனான். அவர்களுக்கு ஒரே மகள், ஜெனட். ஊர் மருத்துவச்சி நான், அந்தப் பிரசவத்தையும் நான்தான் பார்த்தேன். குழந்தை பிறக்கும்போதே உதடு நீலம் பாரித்திருந்தது. சில வாரம் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்து போய்விட்டது. அடக்கம் செய்துவிட்டு வந்து கிரிசல் பால் கட்டிப்போன மார்பில் வலிக்கு முட்டைக்கோஸ் இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. சீமாட்டிக்கு இரண்டாவது பெண் பிறந்திருந்தது.

"கொண்டாங்க," என்றாள். "இங்க வீணாத்தானே போகுது."

அந்தப் பிள்ளைதான் தியடோசியா.

மூத்தவள் பெனலப்பி வேறொருத்தியிடம் வளர்ந்தாள். தியடோசியாவுக்குப் பிறகு ஒரு மார்ஜரி பிறந்து மாதம் நிறையும் முன்னே இறந்தது. அடுத்த பெண்ணுக்கும் மார்ஜரி என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும் உரிமை ஞானத்தாய்க்கு. அவள் தன் பெயரைத்தான் வைப்பாள், முன்னே இருந்தது செத்தாலும் பெயர் சாகக்கூடாது என்பது பெரியவர்களின் பிடிவாதம். இரண்டாவது மார்ஜரி கிரிசல் வீட்டில்தான் வளர்ந்தது. கோடையில் வயிற்றுப்போக்கு கண்டு அவள் மடியிலேயே போனது. பெரிய வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. ஆக நான்கு பெண்களில் இருவர் போக, பெனலப்பியும் தியடோசியாவும் மிஞ்சினார்கள். அவர்களுக்கு மேலே ஹம்ஃப்ரி என்று ஒரு மகன்.

பெனலப்பியை வடக்கே ஒரு பெரிய குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தியடோசியாவுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார் பிரபு. ஆனால் எலிசபெத் ராணி இறந்த வருஷம், வீட்டுச் சிற்றாலயத்தில் ஜெபம் படிக்க வந்த உதவிப் பாதிரி ஆம்ப்ரோஸைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் போய்விட்டாள். திருட்டுக் கல்யாணம் இல்லை. அடுத்த ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறும் முறைப்படி கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடந்தது. பிரபுவின் காதுக்கு எட்டாமல் போனது, சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாததால்.

பிரபு கத்தவில்லை. பர்ட்டனில் இருந்த சிற்பிகளை வரவழைத்து, தனக்கும் மனைவிக்கும் கல்லறை கட்டச் சொன்னார். உயிரோடு இருக்கும்போதே கட்டிவைப்பது அவர்களில் சகஜம். மேலே பிரபுவும் சீமாட்டியும் கை கூப்பிப் படுத்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரு புறம் மகன்கள், மறுபுறம் மகள்கள், முழங்காலிட்டு வரிசையாக. பெற்றவர்களுக்கு முன்னே இறந்த பிள்ளையின் கையில் ஒரு சின்ன மண்டையோடு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அதைப் பார்த்தே அந்த வீட்டு வம்சத்தைப் படித்துவிடலாம். லண்டனிலிருந்து வம்சம் பதிய வரும் அதிகாரிகளும் அதைத்தான் பார்ப்பார்கள்.

கல்லறை கோயிலுக்குள் வந்து இறங்கிய முதல் ஞாயிறு எல்லோரும் போய்ப் பார்த்தோம். நான்கு மகள்கள். பெனலப்பி வெறுங்கையைக் கூப்பியிருந்தாள். மற்ற மூவர் கையிலும் மண்டையோடு.

கிரிசல் எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"செத்துப்போன என் பிள்ளைக்குத் தலைமாட்டுல ஒரு செங்கல்லுகூட இல்ல. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மண்டையோடா?"

"மெதுவாப் பேசுடி," என்றேன்.

"எதுக்கு? செத்தவங்க எழுந்துக்குவாங்களா?"

அடுத்த ஞாயிறு, தியடோசியாவின் கல்லுருவத்தின் கையில் இருந்த மண்டையோட்டின்மேல் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. பிள்ளைக்கு இடுப்பில் கட்டும் துணி. துவைத்ததுதான். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதை எடுத்து எறிந்தார். அதற்கடுத்த வாரமும் துணி வந்தது. ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தார்.

"என்னம்மா இது, பிரபுவோட கல்லறைமேல பீத்துணி காயப்போட்டிருக்க?"

"காயப்போடல ஐயா. மூடியிருக்கேன்."

"எதை?"

"பொய்யை."

கோயில் விசாரணைக்கு இழுத்தார்கள். புனித இடத்தை அவமதித்த குற்றம். தண்டனை, ஞாயிறு ஆராதனையில் வெள்ளைப் போர்வை போர்த்தி, கையில் வெள்ளைக் கோலுடன், சபைக்கு முன்னே நின்று மன்னிப்புக் கேட்பது. விபசாரம் செய்தவளுக்கும் அதே போர்வைதான். கிரிசல் நின்றாள். சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைச் சொன்னாள். வெளியே வந்ததும் சந்தைக்காரப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"என்ன கிரிசல், யாரு அந்த ஆம்பளை?"

"கல்லுல படுத்திருக்காரே, அவருதான்," என்றாள். "குளிர்ல விறைச்சுப்போய்க் கிடக்காரு, பாவம்."

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அவள் போர்வையோடு நின்ற அன்று, பெரிய வீட்டுக்காரர்கள் உட்காரும் தனி அடைப்பில் பிரபு ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமாட்டி லெட்டிஸ் கிரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருஷம் கழித்து பெனலப்பி தலைப்பிரசவத்தில் இறந்தாள். பிள்ளையும் நிற்கவில்லை. இப்போது கல்லில் செத்தவள் வெறுங்கையோடு இருந்தாள், இருப்பவள் மண்டையோட்டோடு இருந்தாள். "அதை எடுத்து இதுகிட்ட குடுத்தா முடிஞ்சுது. எடம் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கிரிசல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சீமாட்டிக்கு நீர்கோத்த வியாதி வந்தபோது என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். கால் வீங்கி, பிறகு வயிறு வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கி உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருந்தேன். மருத்துவர் வருவார், சிறுநீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், போவார். சாப்பிட்டது, ரொட்டியைத் தோய்த்த ஏல் மதுக் கஞ்சி இரண்டு கரண்டிதான்.

ஒரு பிற்பகல், "கிரிசலை வரச்சொல்," என்றார்.

கிரிசல் மரச்செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முட்டைக் கூடையோடு உள்ளே வந்தாள். அந்த அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"உக்காரு," என்றார் சீமாட்டி. என்னைக் காட்டி, "இவ ஒண்ணும் சொல்லமாட்டா. இவ காதுல கேக்கிறதெல்லாம் கழிவுத்தொட்டியோட கீழ போயிடும்."

"ஆமாங்கம்மா. இவகிட்ட சொல்றதும் கெணத்துல போடறதும் ஒண்ணு," என்றாள் கிரிசல். நான் படுக்கைத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ எப்படி இருக்கா?"

யார் என்று கிரிசல் கேட்கவில்லை. "நல்லா இருக்காங்கம்மா. ஒரு பொண்ணு பொறந்திருக்கு. சளி பிடிச்சா மட்டும் கொஞ்சம் இழுக்குது. பேரு லெட்டிஸ்."

தன் பெயரைக் கேட்டதும் சீமாட்டி சன்னல் பக்கம் திரும்பினார்.

"அவரு வரவிடமாட்டாரு. கேட்டுப் பாத்துட்டேன். எனக்கு இனிமே கேக்கவும் மூச்சு இல்ல." பிறகு சொன்னார்: "எங்கம்மா போனப்ப, பெட்டிக்குப் பின்னால முதல் ஆளா நான் நடந்தேன். எங்க பாட்டி போனப்ப எங்கம்மா நடந்தாங்க. எங்க வீட்டுல பொம்பளைங்களுக்குன்னு எழுதிவைக்கிற எடம் எதுவும் கிடையாது, கிரிசல். அந்த ஒரு எடந்தான். எனக்குப் பின்னால யார் நடப்பா?"

"அவ நடப்பாம்மா."

"எப்படி?"

"அது என் பாடு. உங்க பின்னால உங்க மக நடப்பா. நான் சொல்றேன்."

சீமாட்டி அவள் கையைத் தொட்டார். வீங்கிய விரல்கள், மோதிரத்தை நான் முன்பே சோப்புப் போட்டுக் கழற்றியிருந்தேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டார்.

அந்த அந்தஸ்துக்காரர்களை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ப் புதைக்க முடியாது. உடலை நான் கழுவினேன். வந்தவர்கள் மெழுகுத்துணியில் சுற்றி ஈயப்பெட்டியில் வைத்து மூடினார்கள். பிறகு லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வரவேண்டும். யார் முன்னே, யார் பின்னே, யாருக்கு எத்தனை முழம் கறுப்புத் துணி என்று தீர்மானிப்பது அவர் வேலை. ஊரில் அவரை வரிசைக்காரர் என்றோம். அவர் வந்து சேர்ந்து, துணி வந்து, தைத்து முடிக்கப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கிரிசல், ஊர் ஊராக ஊசியும் நாடாவும் விற்பவனிடம் தியடோசியாவுக்குச் சொல்லியனுப்பினாள்.

பெண்ணின் சவ ஊர்வலத்தில் தலைமைத் துக்கக்காரி ஒரு பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். புருஷனுக்கு அந்த இடம் கிடையாது. இருக்கும் மகள்களில் மூத்தவள் நடக்கவேண்டும். மகள் இல்லை என்று பெரிய வீட்டுக் காரியஸ்தர் நாதனியேல் சொல்லிவிட்டார். அதனால் ஹம்ஃப்ரியின் மனைவி நடப்பது என்று முடிவானது. அவள் நல்ல பெண்தான். மாமியாரை அவள் மொத்தமாகப் பார்த்ததே நாலைந்து தடவை இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்த சீமாட்டிக்கு எத்தனை வயதோ அத்தனை ஏழைப் பெண்களுக்குக் கறுப்பு அங்கியும் முகம் மறைக்கும் தலைத்துணியும் கொடுத்து ஊர்வலத்தில் நடக்கவைப்பார்கள். சீமாட்டிக்கு அறுபத்தொன்று. ஒருத்தி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிரிசலுக்கும் ஓர் அங்கி வந்தது. பெண்களின் கை கால் சுத்தமாக இருக்கிறதா, இருமல்காரிகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

அடக்கத்தன்று காலை அப்படித்தான் கிரிசல் வீட்டுக்குப் போனேன். அடுப்பருகே ஒரு பெண் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சேறு. சுமைவண்டியில் வந்திருக்கிறாள். ஏவரெல் வீட்டு மூக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இவங்க யாருன்னு கேக்காத," என்றாள் கிரிசல்.

"கேக்கல," என்றேன். "கால்ல வெந்நீர் ஊத்து. ஜுரம் வந்துடும்."

தியடோசியா சிரித்தாள். பிறகு விட்ட இடத்தில் பேச்சைத் தொடர்ந்தாள். "நான் முன்வாசல் வழியாத்தான் போவேன், கிரிசம்மா. அந்த லண்டன்காரர் முன்னால போய் நிப்பேன். நான் அவங்க மக, முதல் எடம் என்னோடதுன்னு சொல்வேன்."

"இந்தச் சேத்தோடயா?"

"இந்தச் சேத்தோடதான்."

"சொல்லுவ. உங்கப்பா ஆளுங்க ரெண்டு பேர் கக்கத்துல கைய குடுத்துத் தூக்கி வேலிக்கு வெளிய போடுவாங்க. அப்புறம்? உங்கம்மா போறதை வேலி இடுக்கால பாப்பியா?"

"போடட்டுமே. எல்லாரும் பாக்கட்டும்."

"எல்லாரும் பாப்பாங்க. வாயத் திறக்கமாட்டாங்க. நான் வெள்ளைப் போர்வையில நின்னப்ப எத்தன பேர் வாயத் திறந்தாங்க? எனக்குத் தெரியாதா இந்த ஊரை?" கிரிசல் கொடியில் கிடந்த கறுப்பு அங்கியை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இதைப் போட்டுக்கோ. என் பேர்ல போ. அறுபத்தோரு பேர்ல ஒருத்தி. மூஞ்சி தெரியாது, யாரும் கேக்கமாட்டாங்க. உங்கம்மாவுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன், நீ அவங்க பின்னால நடப்பேன்னு. சண்டை போட்டா நடக்கவிடுவாங்களோ மாட்டாங்களோ. இதுல நிச்சயம்."

தியடோசியா அங்கியைத் தடவிப் பார்த்தாள். முரட்டுத் துணி. "அப்ப நீ?"

"நான் உங்கம்மாவைக் கண் நெறையப் பாத்தாச்சு. நீதான் பாக்கல."

அவள் கிரிசலின் முகத்தையே பார்த்தாள். அந்த வீட்டில் அவள் நடை பழகியவள், கிரிசல் சொன்னதைத் தட்டிப் பழக்கம் இல்லை. எழுந்து கைகளைத் தூக்கினாள். கிரிசல் அங்கியை மாட்டினாள். நான் தலைத்துணியைக் குத்தினேன். அளவு சரியாக இருந்தது.

எங்களைப் போன்றவர்கள் செத்தால் நான்கு பேர் பெட்டியைத் தூக்குவார்கள், வந்தவர்கள் எல்லோரும் பின்னால் நடப்போம். வேறு முறை இருக்கும் என்று கிரிசலுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது. மார்ல்கோட்டில் அப்படி ஒரு சவ ஊர்வலத்தை யாரும் கண்டதில்லை.

முற்றத்தில் வரிசைக்காரர் கோலோடு நின்றார். ஏழைப் பெண்கள்தான் முதலில். இரண்டிரண்டு பேராக, எல்லோருக்கும் முன்னே. பிறகு வேலைக்காரர்கள், கொடி பிடிப்பவர்கள், கனவான்கள், பாதிரிமார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டி. பெட்டியை ஒட்டி, பின்னால், தலைமைத் துக்கக்காரி. அறுபத்தொன்று ஒற்றைப்படை என்பதால் ஒருத்தி தனியாக நடக்கவேண்டும். கிரிசலின் பெயரைக் கூப்பிட்டு, தியடோசியாவைத் தனியாக எல்லோருக்கும் முதலில் நிறுத்தினார்கள்.

"திரும்பிப் பாக்கக்கூடாது," என்று வரிசைக்காரர் பெண்களிடம் சொன்னார். "நேராப் பாத்து நடங்க. திரும்புறவளுக்குச் சாப்பாடு கிடையாது."

குன்றிலிருந்து கோயில்வரை அவள் அப்படித்தான் நடந்தாள். அம்மாவின் பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு நூறு பேருக்கு அப்பால் வந்துகொண்டிருந்தது. கிரிசல் வேலியோரம் நின்றிருந்தாள். கறுப்பு உருவம் ஒன்று தனியாக முன்னே வருவதைப் பார்த்தாள். பெட்டியைத் தேடினாள். கண்ணுக்கெட்டிய தூரம் கொடியும் குதிரையும்தான். கடைசியில் பெட்டி வந்தபோது அதன் பின்னால் ஹம்ஃப்ரியின் மனைவி நடந்தாள், அவள் அங்கியின் நீண்ட வாலை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு. கிரிசல் வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன்.

கோயிலில் ஏழைப் பெண்களைக் கதவோரம் நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் கல்லறையின் மகன் பக்கம்தான் தெரியும்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். வரிசைக்காரருக்குக் கால் கட்டைவிரலில் வாத வீக்கம். நாள் முழுக்க நின்றதில் பழுத்த பிளம் பழம்போல இருந்தது. தவிட்டு ஒத்தடம் வைத்துக் கட்டினேன்.

"மெதுவாம்மா! அது விரலு, வான்கோழிக் கால் இல்ல."

"வான்கோழின்னா இவ்வளவு கத்தாதுங்க ஐயா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வலி குறைந்ததும் பேச்சும் வந்தது. நாடு முழுக்க எத்தனையோ சீமாட்டிகளை அடக்கம் செய்துவைத்தவர், கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றைச் சொன்னார்.

"சாமர்செட்ல ஒரு வீடு. மகள் ஒருத்தி மளிகைக்காரனைக் கட்டிக்கிட்டா. அப்பன் செத்தவளா எழுதிட்டான். அம்மா அடக்கத்தன்னிக்கு, கையில கூடையோட வந்து நின்னா. 'நான் மகள்'னா. அப்பன் குதிச்சான் பாரு! நான் சொன்னேன், 'பிரபு, உங்க சாப்பாட்டு மேசையில யார் உக்காரணும்னு நீங்க சொல்லுங்க. பெட்டிக்குப் பின்னால யாருன்னு நான்தான் சொல்லணும். அது ராஜா எனக்குக் குடுத்த வேலை.' கூடையை வாங்கி வச்சிட்டு அவளை முதல்ல நிறுத்தினேன். அவ பேரும் பிள்ளைங்க பேரும் வம்சத்துல ஏறிச்சு. வாய் திறந்து கேட்டா, என்னால மறுக்க முடியாதும்மா. கேக்காட்டி நான் என்ன பண்ண? இங்கயும் கேட்டேன், மகள் உண்டான்னு. இல்லைன்னாங்க. கல்லும் அப்படித்தான் சொல்லுது. எழுதியாச்சு."

"எழுதினதை மாத்த முடியாதுங்களா?"

"அடக்கத்துக்கு முன்னாடின்னா முடியும். இப்ப எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஏன் கேக்கிற?"

"சும்மாதாங்க," என்று சொல்லிக் கட்டை இறுக்கினேன்.

நான் கீழே போனபோது தியடோசியா கிளம்பிவிட்டிருந்தாள். வீட்டில் பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தது, வண்டி காத்திருக்காது. அங்கியோடேயே போயிருந்தாள். கேட்டதைக் கிரிசலிடம் சொன்னேன். வேறு யாராவது நாலு விதமாகத் திரித்துச் சொல்வதற்கு, நான் உள்ளபடி சொல்வது மேல்.

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சேத்தோட வந்தாலும் நிறுத்தியிருப்பாரா?"

"கூடையோட வந்தவளையே நிறுத்தியிருக்காரு."

"அவ போறேன்னா," என்றாள். "போறேன்னுதான் சொன்னா. நான்தான் மூஞ்சிய மூடி அனுப்பிச்சேன்." மாவைப் புரட்டிப் போட்டு, "அந்தப் பிரபு கல்லுல பண்ணினதை நான் துணியில பண்ணிட்டேன்," என்றாள்.

நான் அடுப்பில் ஒரு விறகை எடுத்து வைத்தேன். வலிக்கும் இடத்தில் தேவையில்லாமல் கை வைக்கக்கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம்.

அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் இருந்தாள். வேறு பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் வயது தாண்டிப்போயிற்று. முட்டை விற்றாள், கம்பளி நூற்றாள். கோயிலில் துணி போடுவதை அடக்கத்தோடு விட்டுவிட்டாள். கோயில்பிள்ளை அவள் திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவள் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்பதுதான் நிஜம். பிரபு போனார். ஹம்ஃப்ரி வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவருக்குப் பிறகு வீடும் பட்டமும் யாரோ சித்தப்பா வழிப் பேரனுக்குப் போகும் என்று பேசிக்கொண்டார்கள். "மகள் வழி யாரும் இல்லையே, பாவம்" என்று யாராவது சொன்னால், கிரிசல் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

தியடோசியா வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாள். ஒரு தடவை மகளையும் கூட்டிவந்தாள். மூக்கு அப்படியே இருந்தது. பெண் கோயிலுக்குப் போய்க் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்றாள். அம்மா வேண்டாம் என்றாள்.

"நீ ஏன் இன்னும் அதையே நெனச்சிட்டிருக்க, கிரிசம்மா? நான் நடந்தேன்ல?"

"முன்னால நடந்த. முதுகக் காட்டிக்கிட்டு."

"எங்கம்மாவுக்கு முன்னால நடந்த ஒரே பொண்ணு நான்தான்," என்று தியடோசியா சிரிக்கப் பார்த்தாள்.

கிரிசல் சிரிக்கவில்லை. "வாக்குக் குடுத்தது நான். பின்னாலன்னு சொன்னேன்."

அவளைத் தேற்றவே முடியவில்லை. பாவமன்னிப்புக்குப் பாதிரியார் வந்தார். நல்ல எண்ணத்தோடு செய்தது பாவம் ஆகாது என்று எடுத்துச் சொன்னார். "பாவம்னு யாரு ஐயா சொன்னா? தப்பு," என்றாள் கிரிசல். அவர் போனபிறகு என்னிடம், "பாவத்துக்குன்னா போர்வை குடுப்பாங்க. போர்த்திக்கிட்டு நின்னா முடிஞ்சுபோகும். இதுக்கு என்னத்தைக் குடுப்பாங்க?" என்றாள்.

ஒரு மார்கழியில் நெஞ்சுச் சளியில் போனாள். கடைசி இரண்டு நாளும் நான் இருந்தேன். வலி அதிகம் இல்லை. உடலைக் கழுவிப் போர்த்திவிட்டு, தியடோசியாவுக்கு ஆள் அனுப்பினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வரமாட்டாள் என்று நினைத்தேன்.

வந்தாள். தலை நரைத்திருந்தது. உடம்பில் அதே கறுப்பு அங்கி, விளிம்பு பிய்ந்து மடித்துத் தைத்திருந்தது. தலைத்துணி இல்லை. பெட்டியைத் தூக்கும்போது கோயில்பிள்ளை, இவர் புதியவர், வழக்கப்படி கேட்டார்: "சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? பின்னால யார் முதல்ல?"

"நான்," என்றாள் தியடோசியா.

"நீங்க யாரும்மா?"

"மகள்."

குரல் தெளிவாக, கோயில் முற்றம் முழுக்கக் கேட்டது. யாரும் எதிர்க்கவில்லை. கோயில்பிள்ளை தலையசைத்து ஒதுங்கினார். அவள் பெட்டியை ஒட்டிப் பின்னால் நடந்தாள், நாங்கள் அவளுக்குப் பின்னால் நடந்தோம். ஜெனட்டைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். மூச்சு விடும் நேரம்கூட இல்லை. அன்றைக்குக் குன்றின்மேல் இதைச் சொல்ல வந்தவளைத்தான் இப்போது பெட்டிக்குள் கிடப்பவள் தடுத்து நிறுத்தினாள்.

மண் போட்டு முடிந்ததும் பெரிய வீட்டுப் புதுக் காரியஸ்தர் என்னிடம் வந்தார். எதற்கோ பாதிரியாரைப் பார்க்க வந்தவர்.

"கிரிசலுக்கு மகள் இருந்தது எனக்குத் தெரியாதே. யார் அந்தம்மா? எங்கயோ பாத்த முகமா இருக்கு."

"கோயிலுக்குள்ள பாத்திருப்பீங்க," என்றேன். "பிரபுவோட கல்லறையில, மகள்கள் வரிசையில ரெண்டாவது. கையில மண்டையோட்டோட இருக்காங்களே, அவங்கதான்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுக் குதிரை ஏறினார்.